குழாயில் கேட்ட தாளம்

கஜரூபனுக்கு எந்த வகைப் பாட்டுப் பிடிக்கும் என்று தமிழர் யாராவது கேட்டால், "எல்லாம் கேப்பன்" என்று சொல்லி நழுவிவிடுவான். முன்பொருமுறை ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் உண்மையைச் சொல்லி ஹெட்போனையும் கொடுத்துப் பார்த்தான். மனிதர் அரை நிமிடம் கேட்டார். "தம்பி, உது பழுதாப் போச்சுப்போல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ரோல்ஸ் எடுக்கப் போய்விட்டார். அன்றோடு அந்தக் கதையை அவன் யாரிடமும் எடுப்பதில்லை.

பழுது ஒன்றும் இல்லை. அந்த இசையே அப்படித்தான். இண்டஸ்ட்ரியல் டெக்னோ என்று பெயர். பாடுவதற்கு வாய் கிடையாது, முணுமுணுப்பதற்கு மெட்டுக் கிடையாது. அடிவயிற்றில் இடிக்கிற ஒரு தாளமும், அதன்மேல் இரும்பு உரசுகிற, தகரம் கிழிகிற, மின்சாரம் முனகுகிற சத்தங்களும்தான். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் காதைப் பொத்துவார்கள், மிச்சப்பேர் கண்ணை மூடுவார்கள். கஜரூபன் கண்ணை மூடுகிற கட்சி. படிக்கிற காலத்தில் ஒரு கூட்டாளி அவனை மூடிக்கிடந்த ஆலையொன்றுக்குள் நடந்த ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தன் தலைக்குள் சின்ன வயதிலிருந்து ஓடிய இரைச்சலை வேறு யாரோ வெளியிலே செய்துவைத்திருக்கிறார்கள் என்று அங்கேதான் கண்டான். கூட்டாளி பிறகு கலியாணம் கட்டி, வீடு வாங்கி, எல்லாவற்றையும் மறந்துபோனான். இவனால் மறக்க முடியவில்லை.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், துறைமுகப் பக்கமாகப் போகிற ட்ராம் பாதையோரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. அதன் மூன்றாம் மாடியில் தாயோடு இருந்தான். தாய் செத்த பிறகு அவள் படுத்த அறைக்குள் சத்தம் செய்கிற மெஷின்களை அடுக்கினான். பகலில் கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை. மாலையில் வந்து சோறு வைத்து, ஒரு முட்டையைப் பொரித்துத் தின்றுவிட்டு அந்த அறைக்குள் போனால் பிறகு ஆளைக் காண முடியாது. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சொந்தமென்று நோர்வேயில் ஒரு தமக்கை. அவள் ஞாயிறுகளில் போன் எடுத்து "சாப்பிட்டியோ" என்று கேட்பாள். "ஓம்" என்பான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இருக்காது. தனிமை என்று அதற்குப் பெயர் வைக்க அவன் கூச்சப்பட்டான். ஆனால் அது தனிமைதான், வேறென்ன?

இந்த இசைக்குப் பெரிய கம்பனிகள் கிடையாது. லேபல் என்பார்கள். பெரும்பாலும் லேபல் என்றால் ஒரு ஆள், ஒரு குசினி மேசை, ஒரு ரப்பர் முத்திரை, அவ்வளவே. தங்களுக்குப் பிடித்ததைச் சில நூறு இசைத்தட்டுகளாக அடித்து, உறையில் கையால் முத்திரை குத்தி, ஜப்பானிலும் போலந்திலும் இருக்கிற தங்களைப் போன்ற பைத்தியங்களுக்குத் தபாலில் அனுப்புவார்கள். உறையில் பாடகர் படம் இருக்காது, பெயரும் இருக்காது, ஒரு இலக்கம் மட்டும் இருக்கும். செய்தவன் யாரென்று தேடாதே, சத்தத்தைக் கேள் என்பது அவர்கள் மரபு. பெயர் தெரியாமல் இருப்பதற்கா இத்தனை பாடு என்று நமக்குச் சிரிப்பு வரும். சிரிக்கக்கூடாது. ஒருவரும் தேடாமல் பெயரற்றுக் கிடப்பது ஒன்று. ஒருவர் தேடி எடுத்துப் பெயரில்லாமல் வெளியிடுவது வேறு. கஜரூபனுக்கு முதலாவது போதும் போதுமென்று ஆகியிருந்தது.

லைப்சிக்கில் அன்னா என்ற ஜெர்மன்காரி 'நாசெ வாண்ட்' என்றொரு லேபல் நடத்தினாள். ஈரச்சுவர் என்று பொருள். அந்த ஈரச்சுவரின் தட்டு ஒன்றில் தன் சத்தம் வரவேண்டும். உலகத்தில் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். தான் செய்ததை வருடாவருடம் அவளுக்கு அனுப்பினான். பதில் வருவதில்லை. ஒரே ஒருமுறை எழுதினாள்: "வேலை சுத்தம். ஆனால் இதற்குள் ஆள் இல்லை." அந்த வரியை அவன் பல மாதம் சுமந்து திரிந்தான்.

அவனுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், மரியமலர் இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் றெக்ஸ் லண்டனில். மேலே சத்தம் கூடினால் வீடு கூட்டுகிற தும்புத்தடிப் பிடியால் முகட்டில் இரண்டு இடி இடிப்பார். கஜரூபன் குறைப்பான். மற்றநாள் படியில் கண்டால் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, உந்தத் தகரம் அடிக்கிறதை விட்டிட்டு ஒரு கலியாணத்தைக் கட்டுமன்."

"ஓம் அன்ரி, பாப்பம்."

"எப்ப பாக்கிறது, பல்லு விழுந்தாப் பிறகோ?"

இந்தக் கேள்விக்குப் பயந்தே, அவர் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இவன் படியில் இறங்காமல் நின்றுகொள்வான். ஒருமுறை அவர் மேலே ஏறி வந்து மணியடித்தார். இவன் உள்ளே மூச்சுக் காட்டாமல் நின்றான். அவர் போன பிறகு கதவைத் திறந்து பார்த்தால், பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே சூடாறாத கட்லிஸ். எல்லாவற்றையும் தின்றான். நன்றி சொல்லப் போகவில்லை, போனால் இருத்திவைத்துப் பேசுவார் என்று.

ஒக்டோபர் பிறந்தால் அந்தக் கட்டடத்துக்கு வெப்பம் திறப்பார்கள். கோடை முழுக்கக் குளிர்ந்து கிடந்த குழாய்களுக்குள் சுடுதண்ணீர் ஓட, இரும்பு விரிந்து தட்டும், முனகும், டிக் டிக் என்று எண்ணும். மற்றவர்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டரிடம் முறைப்பாடு சொல்வார்கள். கஜரூபன் வருடம் முழுக்க அதற்காகக் காத்திருப்பான். காசளவு தட்டையான ஒரு மைக் வைத்திருந்தான். அதைக் குழாயில் ஒட்டிவிட்டால் இரும்பின் நடுக்கத்தைப் பிடிக்கும், காற்றில் வருவது எதையும் பிடிக்காது. அந்த வருடமும் குளியலறைக் குழாயில் அதை ஒட்டி, வயரை அறைக்குள் இழுத்து வைத்துவிட்டு, மற்ற மெஷின்களில் விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, பொழுதுபட்டுக் கொஞ்ச நேரம்.

திடீரென்று ஸ்பீக்கருக்குள் ஒரு 'டிங்'.

இத்தனை வருடமும் அந்தக் குழாய் தந்ததெல்லாம் மொட்டைச் சத்தம். இது கோயில் மணியின் ஒலியைப்போலத் தெளிவு. மூன்று தரம் அடித்தது, பிறகு ஓய்ந்தது. பிறகு இரண்டு. மறுபடி மூன்று. எந்த மெஷினும் இப்படித் தாளம் பிசகாது, பிசகினாலும் இவ்வளவு அழகாகப் பிசகாது. வெப்பம் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தான். மெஷின்களின் அதிர்வு குழாயில் கலந்துவிடும் என்ற பதற்றத்தில் ஓடிப்போய் எல்லாவற்றையும் நிறுத்தினான். வீடு அமைதியானது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அமைதிக்குப் பிறகு தாளம் மாறியது. அடி பலத்தது, வேகம் கூடியது. யாரோ நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறியதுபோல் இருந்தது. கஜரூபன் கால் மடக்கி நிலத்தில் இருந்து கேட்டான். உடம்பு புல்லரித்தது. வேண்டிய அளவு கிடைத்ததும் பதிவை நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். குழாய் பிறகும் தட்டியதா என்று அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அதே வேலை. படிக்கட்டில் ஏதோ தடதடப்பும் ஆட்கள் பேசுவதும் ஹெட்போனுக்கு வெளியே மெல்லியதாகக் கேட்டன. யாரோ வீடு மாறுகிறார்கள் என்று எண்ணினான். பின்னேரம் முடித்து, அன்னாவுக்கு அனுப்பிவிட்டு, உடுப்போடே படுத்தான்.

ஞாயிறு காலை பதில் வந்திருந்தது.

"இது. இதைத்தான் இத்தனை காலம் கேட்டேன். அந்த உலோகம் என்ன? நடுவில் அது பலக்கிற இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. இதற்குள் ஆள் இருக்கிறது. தட்டின் முதல் பக்கம் இதுதான். சம்மதமா?"

சம்மதம் என்று எழுதிவிட்டு அறைக்குள் மேலும் கீழும் நடந்தான். யாருக்காவது சொல்லவேண்டும். தமக்கைக்குச் சொன்னால் விளங்காது. களஞ்சியத்தில் சொன்னால் சிரிப்பார்கள். பாண் வாங்குகிற சாட்டில் கீழே இறங்கினான். பேக்கரிப் பெண்ணிடமாவது சொல்லிவிடுகிற நிலையில் இருந்தான், பாவம். இரண்டாம் மாடியில் மரியமலரின் கதவைப் பூட்டிக்கொண்டு யோசப்பின் என்ற அக்கா ஒருவர் நின்றார். மரியமலரோடு பூசைக்குப் போகிறவர். கையில் உடுப்புப் பை.

"விசயம் தெரியாதோ தம்பி? மலரக்கா வெள்ளிக்கிழமை பாத்ரூமில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. எழும்ப ஏலாமல் இரவு முழுக்கத் தனியக் கிடந்திருக்கிறா. நேற்றுக் காலமை பூசைக்குக் கூட்டிப்போக வந்தனான், கதவு திறக்கேல்லை. பிறகுதான் அம்புலன்ஸ்காரர் வந்து பூட்டை உடைச்சவை, நேற்றே வேற பூட்டு மாத்தியாச்சு."

"இப்ப எப்பிடி?" என்றான்.

"கடவுளேயெண்டு உயிருக்கு ஒண்டுமில்லை. மோதிரத்தால ஹீற்றர்க் குழாயில தட்டித் தட்டி விரலெல்லாம் வீங்கிப்போச்சு. கலியாண மோதிரம். வெட்டித்தான் எடுத்தவை." பிறகு அவனைப் பார்த்தார். "உமக்கு ஒண்டும் கேக்கேல்லையோ தம்பி?"

"நான் ஹெட்போன் போட்டிருந்தனான் அக்கா."

அது சனிக்கிழமைக்கு உண்மை. வெள்ளிக்கிழமை அந்தத் தாளம் கேட்ட நேரத்துக்குப் பொய். பாண் வாங்காமல் மேலே திரும்பி வந்தான்.

அன்றே அன்னாவுக்கு எழுதியிருக்கவேண்டும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும். இரண்டும் செய்யவில்லை. மனிதன் தன்னை ஏய்க்கிற மாதிரி வேறு யாரை ஏய்ப்பான்? வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டுக்கொண்டான். அதில் பேர்கூட இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். அன்னா மறுபடியும் அந்த உலோகம் என்னவென்று கேட்டபோது, "வெப்பக் குழாய்" என்று பதில் போட்டான். கோழை என்று அவனைத் திட்டலாம். நான் திட்டுகிறேன். ஆனால் அவன் இத்தனை வருடம் ஏங்கியது கைக்கு எட்டியிருந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நவம்பரில் சோதனைத் தட்டு வந்தது. அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம்: மொத்தமாக அடிப்பதற்கு முன் சில தட்டுகளை மட்டும் அடித்து அனுப்புவார்கள். செய்தவன் முழுவதும் கேட்டு, சரி என்று சொன்னால்தான் மிச்சத்துக்கு ஆலை ஓடும். வெள்ளை உறைக்குள் இருந்த கறுத்த தட்டைப் போட்டான். ஊசி இறங்கியது. கொம்பியூட்டரில் கேட்டதைவிட இது கிட்ட வந்து கேட்டது. ஒவ்வொரு 'டிங்'கிலும் இப்போது ஒரு விரல் தெரிந்தது. அன்னா இரண்டு முறை எழுதினாள், ஆலை காத்திருக்கிறது, சரி என்று ஒரு சொல் சொல் என்று. அந்த ஒரு சொல்லை அவனால் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழக்கடைப் பையொன்றோடு மரியமலரை நடக்கப் பழக்குவதற்காக வைத்திருந்த றேஹா நிலையத்துக்கு ட்ராம் ஏறினான்.

அவர் சன்னலோரக் கதிரையில் இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்ததே, அதை அவனால் தாங்க முடியவில்லை.

"இருமன் தம்பி. றெக்ஸ் வந்து நிண்டிட்டுப் போட்டான், லீவு இல்லையாம். நீர் வருவீர் எண்டு நான் நினைக்கேல்லை."

"சுகமோ அன்ரி?"

"நடக்கப் பழக்கினம், குழந்தைப் பிள்ளை மாதிரி." சிரித்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். "அண்டைக்கு உம்மட தகர அடி கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். எவ்வளவு ஏசியிருப்பன் அதை. அண்டைக்கு அது ஒரு தெம்பு, மேல ஆள் இருக்கு எண்டு. மோதிரத்தால தட்டினன். கொஞ்சத்தில உம்மட சத்தம் நிண்டிட்டுது. அப்பாடா, தம்பிக்குக் கேட்டிட்டுது, இறங்கி வாறான் எண்டு நினைச்சன். எங்க இருக்கிறன் எண்டு தெரியவேணுமே, அதுதான் இன்னும் பலமாத் தட்டினன்."

கஜரூபன் பழப் பையைப் பிடித்தபடியே இருந்தான்.

"பிறகு ஒரு அசுமாத்தமும் இல்லை. அப்பதான் விளங்கிச்சு, நீர் வெளிய போட்டீர் எண்டு. வெள்ளிக்கிழமை, இளம் பொடியன், வீட்டிலயே கிடப்பீரோ? நீர் அதை நினைச்சு மனவருத்தப்படாதையும்."

தலையை ஆட்டினால் போதும். அவரே வழி வெட்டி, விளக்கும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியால் போனால் அன்ரியும் இருப்பார், தட்டும் வரும், ஒரு குறையும் இல்லை.

"அன்ரி, நான் வெளிய போகேல்லை," என்றான். "வீட்டிலதான் இருந்தனான்."

மரியமலர் அவனைப் பார்த்தார். "கேட்டதோ?"

"கேட்டது. குழாய் சூடாகிற சத்தம் எண்டு நினைச்சன். நல்லா இருந்தது. பதியிறதுக்காகத்தான் மெஷினை நிப்பாட்டினன்."

"பதிஞ்சு?"

"பாட்டாக்கினன்."

அவருக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கிய பிறகும் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "வச்சிருக்கிறீரோ? போடும், கேப்பம்," என்றார்.

கைபேசியில் இருந்தது. ஹெட்போனை அவர் தலையில் அவனே மாட்டிவிட்டான். மரியமலர் கண்ணை மூடவில்லை, காதைப் பொத்தவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, விசாரணையில் சாட்சி கேட்பவரைப்போலக் கேட்டார். தாளம் பலக்கிற இடம் வந்திருக்கவேண்டும். மோதிரமில்லாத விரல் கதிரைக் கையில் அசைந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு ஒரு பக்கக் காதை விலக்கினார்.

"நான் கூப்பிட்டது எங்க?"

"என்ன அன்ரி?"

"உம்மட சத்தம் நிண்ட உடன கூப்பிட்டனான். கஜன், கஜன் எண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டனான். தட்டினது முழுக்க இருக்கு. கூப்பிட்டது ஒண்டும் இல்லை."

கஜரூபன் கைபேசியில் பாட்டை நிறுத்தினான். "அந்த மைக்குக்குக் குரல் பிடிபடாது அன்ரி. இரும்பு மட்டும்தான் பிடிக்கும்."

"உமக்கும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

மரியமலர் ஹெட்போனைக் கழற்றினார். வயரை ஒழுங்காகச் சுற்றி அவன் கையில் வைத்தார். ஏசவில்லை. அழவும் இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீர் போம் தம்பி," என்றார்.

திரும்பி வருகிற ட்ராமில் இருந்தே அன்னாவுக்கு எழுதினான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி, தட்டை அடிக்கவேண்டாம் என்றான். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டால் என்ன என்றாள் அன்னா. கேட்க மாட்டேன் என்றான். சரி, என்னிடம் இருப்பதை அழித்துவிடுகிறேன், ஆலையில் அந்த இடத்துக்கு வேறொருவரின் தட்டை அனுப்புகிறேன் என்று எழுதினாள். கடைசி வரியில் வருத்தம் என்று ஒரு சொல் இருந்தது. யாருக்கு வருத்தம் என்று இல்லை. அதன் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

கஜரூபன் அந்த மாதம் மெஷின்களைத் தொடவில்லை. மாலைகளில் வீடு அமைதியாகக் கிடந்தது, கீழ்வீடும் அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதியில் இருக்கப் பழகாதவன், குசினியில் நின்றபடியே சாப்பிட்டான். தமக்கை எடுத்து "சாப்பிட்டியோ" என்று கேட்டாள். ஓம் என்றான்.

அடுத்த ஞாயிறு மறுபடி றேஹாவுக்குப் போனான். வரவேற்பு மேசையில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து, அந்த அம்மா இன்று யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றாள். நடையில் இருந்த நீள வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தான். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். அதற்கடுத்த ஞாயிறு மேசையில் ஆள் இல்லை. அவன் நேரே அறை வாசலுக்குப் போனான்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ சமையல் நிகழ்ச்சி. கதவைத் தட்டக் கை தூக்கினான், தட்ட முடியவில்லை. கையை இறக்கிவிட்டு, கதவுக்குக் கிட்டப் போய்ச் சொன்னான்.

"அன்ரி, கஜன். வெளியில நிக்கிறன்."

உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

கேட்டுவிட்டது, வருகிறார் என்று கஜரூபன் நினைத்தான். வழிவிட்டு ஒரு அடி பின்னுக்கு நின்றான். நடக்கப் பழகுகிறவர், மெல்லத்தான் வருவார் என்று காத்திருந்தான். நடையில் தேநீர் வண்டி போனது, வந்தது. வேறு அறைகளுக்கு வந்தவர்கள் விடைபெற்றுப் போனார்கள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொல்லும்வரை அவன் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றான்.